ஒன்பதாம் பொதியின் நாடா

அக்கா,

அன்றைக்குக் கோயில் பாத்திரங்கள் இருக்கும் வெஸ்ட்ரி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். நம் போதகர் ஐயர், சபைச் செயலாளர் ஜெபராஜ், கோயில் வேலை பார்க்கும் டேவிட், உங்கள் மகள் ஷீலா, நான். ஆறாவதாக ஒருவர் பாட்டுப் புத்தகம் தேடிக் கதவுவரை வந்து எட்டிப் பார்த்தார். உள்ளே கால் வைக்கவில்லை; ஆகவே அவரைச் சேர்க்கவில்லை.

டேவிட் பீரோவைத் திறந்ததும் உங்கள் வாசனை வந்தது. பூச்சி உருண்டையும் கிராம்பும் கலந்த அந்த வாசனை உங்கள் சேலைத் தலைப்பிலும் உண்டு, திருவிருந்துப் பாத்திரங்களைச் சுற்றிய துணிகளிலும் உண்டு. நீங்கள் கண்மூடி இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. நான் அரை நிமிஷம் வேறு பக்கம் திரும்பி நின்றேன். அதற்குள் ஜெபராஜ் ஒன்பது பொதிகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். புது பீரோவுக்கு மாற்றும் முன் எல்லாவற்றையும் படம் எடுத்துப் பட்டியல் போட வேண்டுமாம்.

பெரிய பாத்திரம் இரண்டு, தட்டு இரண்டு, திராட்சரசக் குடுவை இரண்டு, அப்பப் பெட்டி, தண்ணீர்ச் செம்பு. எட்டும் சரி. வெள்ளைக்காரரின் கன்டோன்மென்ட் காலத்து வெள்ளி, நீங்கள் துடைத்த பளபளப்போடு அப்படியே இருந்தது. ஒன்பதாவது, வியாதியஸ்தர் வீட்டுக்கு எடுத்துப்போகும் சின்னப் பாத்திரம். நீலத் துணி, அதற்குள் வெள்ளைத் துணி, அதற்குள் ஓர் எவர்சில்வர் டம்ளர். டம்ளருக்குள் இருநூறு கிராம் இரும்பு எடைக்கல்.

டேவிட்தான் முதலில் வாய் திறந்தார். “காபி குடிக்கிற டம்ளர் மாதிரி இருக்கு சார்.”

“மாதிரி என்ன, அதேதான்,” என்றார் ஜெபராஜ். பிறகு என் இந்த வருஷ நோட்டைப் புரட்டினார். “ஆன்ட்டி, பதினோரு வருஷமா ஒன்பது, ஒன்பது, ஒன்பதுன்னு எழுதி கையெழுத்து போட்டிருக்கீங்க. ஒருநாளாவது அவுத்துப் பாத்தீங்களா?”

“எங்க வழக்கம் அது இல்ல தம்பி.”

“எங்கன்னா யாரு?”

நான் மேசைப் பக்கம் குனிந்தேன். அந்த எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் ஒரு சொட்டுப் பச்சைப் பெயின்ட். உங்கள் வீட்டுக்காரர் ஆஸ்டின் டவுனில் மளிகைக்கடை வைத்திருந்தபோது தராசுத் தட்டில் கிடந்த கல். கடை மூடிய பிறகு உங்கள் கூடத்தில் கரன்ட் பில்கள் பறக்காமலிருக்க அதைத்தான் வைத்திருந்தீர்கள். நிமிர்ந்து ஷீலாவைப் பார்த்தேன். ஷீலா தரையைப் பார்த்தாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பாத்திரம் காணோம் என்பதைவிட அந்தக் கல்தான் அக்கா என்னைக் குடைகிறது. வெறும் டம்ளரைச் சுற்றி வைத்திருந்தால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று நினைத்திருப்பேன். கல்லைப் போட்டது எடைக்காக. அந்தப் பொதியைக் கையில் தூக்கிப் பார்க்கிற ஆள் இந்தச் சபையிலேயே ஒருத்திதான். அப்படியானால் அந்தக் கல் எனக்காகப் போட்டது.

ஐயர் மெல்லச் சொன்னார்: “இப்ப எதுவும் முடிவு பண்ண வேணாம்.” ஜெபராஜ் முடிவு பண்ணிவிட்டார். வருகிற ஞாயிறு பெண்கள் ஞாயிறு. சபைக்கு உழைத்து மரித்தவர்களின் பெயர்களை வாசித்து நன்றி சொல்வோமே, அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் முதலாவதாக இருந்தது. அதைப் பேனாவால் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். “கமிட்டிக்கு விளக்கம் வரட்டும் ஐயா, அப்புறம் வாசிக்கலாம்,” என்றார். விளக்கம் சொல்ல வேண்டியவள் நான்.

வழக்கம் எப்படி வந்தது என்று அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பார் என்று விட்டுவிட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும். பெண்கள் வேதபாட வகுப்பில் கோயில் வேலைக்கென்று இருந்த லேவியரைப் பற்றிய அதிகாரங்கள் வந்தபோது முக்கால்வாசிப் பேர் கொட்டாவி விட்டார்கள். யார் எந்தப் பலகையைச் சுமந்தால் நமக்கென்ன என்று ஒரு டீச்சரம்மா கேட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்கு உபதேசத்தைவிடப் பட்டியல் சீக்கிரம் புரியும். கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்து நடமாடும் கோயிலான ஆசரிப்புக் கூடாரம் பிரயாணப்படும்போது, லேவியரில் கெர்சோன் வம்சத்தாருக்குத் திரைகளும் தொங்கல்களும். அவர்களுக்கு இரண்டு வண்டி, நான்கு மாடு. மெராரி வம்சத்தாருக்குப் பலகை, தூண், முளை. நான்கு வண்டி, எட்டு மாடு. கோகாத் வம்சத்தாருக்கு உடன்படிக்கைப் பெட்டி, மேசை, குத்துவிளக்கு, பலிபீடங்கள். வண்டி இல்லை, மாடும் இல்லை.

“கணக்கு இடிக்குதே அக்கா,” என்றேன். “இருக்கிறதிலேயே பெரிய பொருள் இவங்ககிட்ட. இவங்களுக்கு மட்டும் ஏன் ஒரு வண்டி கூட இல்ல? யாரோ அமுக்கிட்டாங்களோ?”

வகுப்பே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. “வண்டில வெச்சா வண்டிதானே சுமக்குது,” என்றீர்கள். “தோள்ல வெச்சாதான் நீ சுமக்குற.”

அதன் பிறகுதான் இப்போதைய ஐயருக்கு முந்தைய ஐயர் பீரோ சாவியை நம் இருவரிடமும் கொடுத்தார். நாம் நமக்கென்று ஒரு முறையை ஏற்படுத்திக்கொண்டோம். பரிசுத்த பொருள்களை ஆசாரியர்களான ஆரோனின் மகன்கள் மூடி முடிப்பார்கள். அதன் பிறகே லேவியர் வந்து தூக்குவார்கள். மூடும்போது பார்த்தால்கூடச் சாவு. பிற்காலத்தில் ஆலயத்துப் பணிமுட்டுப் பாத்திரங்களை எண்ணி வெளியே கொண்டுபோய், எண்ணி உள்ளே கொண்டுவந்ததும் லேவியர்தான். ஆகவே நீங்கள் மூடுவீர்கள், நான் எண்ணுவேன். மூடுகிறவர் எண்ணக் கூடாது, எண்ணுகிறவள் அவிழ்க்கக் கூடாது. மாதாமாதம் ஒன்பது என்று எழுதி நான் கையெழுத்துப் போட, அதைப் படித்துப் பார்த்து நீங்களும் போட வேண்டும். கூடாரத்துப் பொருள்களிலேயே உடன்படிக்கைப் பெட்டிக்கு மட்டும்தான் நீலத் துணி வெளிப்பக்கம் என்று தேடிக் கண்டுபிடித்து, நம் பொதிகளுக்கும் நீலத்தை வெளியே போட்டீர்கள். அந்த முறை எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. இப்போது யோசித்தால், மறைக்க நினைப்பவருக்கு அதைவிட வசதியான முறை கிடையாது.

இப்படி எழுதுவதற்கு என்னை மன்னியுங்கள். என் புத்தி அப்படி. நீங்களே சொல்வீர்கள்: “உனக்கு ஆமென் சொல்றதுக்கு முன்னாடி ஒரு ‘அப்படியா’ வேணும்.” கோபமாகச் சொன்னதில்லை. “லேவியர்ல வாசல் காக்குறவங்களும் உண்டு கிரேஸ். நீ அந்த வம்சம். நான் சுமக்குற வம்சம்,” என்பீர்கள்.

அன்று வீட்டுக்கு வந்து என் நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்தேன். பருப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர் எழுதுகிற நோட்டுகள் வேறு. இவை பீரோ நோட்டுகள், பதினொன்று. சின்னப் பாத்திரம் வெளியே போன நாள்களை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியாகப் போனது நான்கு வருஷத்துக்கு முன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில். ஆஸ்டின் டவுனில் படுத்த படுக்கையாயிருந்த ஒரு வயதானவருக்குத் திருவிருந்து கொடுக்க அப்போதைய ஐயர் ஸ்கூட்டரில் முன்னால் போனார். நீங்கள் பாத்திரத்தோடு தனியாகப் பின்னால் போனீர்கள். அவருக்கு அடுத்து வந்த இப்போதைய ஐயர், வீட்டுத் திருவிருந்துக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டியே வைத்திருக்கிறார்; பிளாஸ்டிக் கிண்ணங்கள். அதனால் ஒன்பதாம் பொதியை அவிழ்க்க அதன் பிறகு யாருக்கும் வேலை வரவில்லை.

அந்த நாளின் வரி என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “சென்றது 1. மறுநாள் காலை வந்தது 1. நாடா புதிது.”

நாடா புதிது. நான் பார்த்திருக்கிறேன் அக்கா. உங்கள் பொதிகளின் நாடா எல்லாம் துவைத்துத் துவைத்துப் பழுப்பேறியவை. அன்று காலை வந்தது வெள்ளை வெளேரென்று இருந்தது. துணியும் புதிதாக இருந்திருக்க வேண்டும். நீலம் நீலம்தானே என்று விட்டிருக்கிறேன். கண்ணில் பட்டதை எழுதினேன். ஏன் புதிது என்று கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் ‘அப்படியா’ கேட்கிறவள், கேட்க வேண்டிய அன்று வாயை மூடிக்கொண்டேன்.

அதிலிருந்து உங்களைப் பற்றி நான் சந்தேகப்பட்டவை எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஊசாவின் கதையில் நீங்கள் எவ்வளவு கறாராக இருப்பீர்கள். மாடு இடறி வண்டியிலிருந்த உடன்படிக்கைப் பெட்டி சாய்ந்தபோது கை நீட்டிப் பிடித்தான், செத்தான், இது அநியாயம் இல்லையா என்று யாராவது கேட்டால், “கை வெச்சதுல இல்ல தப்பு. தோள்ல சுமக்க வேண்டியத வண்டில ஏத்துனாங்களே, அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு,” என்று வெட்டிவிடுவீர்கள். அந்த லெந்துக்குப் பிறகு அதே பகுதி மறுபடி வகுப்பில் வந்தது. டீச்சரம்மா அதே கேள்வியைக் கேட்டார். நீங்களோ, “பாவம், விழப்போகுதுன்னுதானே பிடிச்சான்,” என்றீர்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயதாகி மனது இளகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் செவ்வாய்க்கிழமைகள். மத்தியானம் குடையோடு எங்கோ போவீர்கள். கேட்டால் “கோயில் வேலை” என்பீர்கள். கோயிலில் அந்த நேரத்துக்கு டேவிட்டைத் தவிர யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். சத்தமாக ஜெபிக்கிற வேறு சபைக் கூட்டத்துக்குப் போகிறீர்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒரு புதன்கிழமை நீங்கள் ஜெபித்தபோது சத்தம் கூடியிருக்கிறதா என்றுகூடக் கவனித்தேன். கூடவில்லை. அப்போதும் சந்தேகம் தீரவில்லை. உங்கள் கை நடுங்க ஆரம்பித்ததும் அந்த வருஷம்தான். “ஐம்பது வயசானா லேவியனுக்கு ரிட்டயர்மென்ட் அக்கா, சாவிய ஷீலாகிட்ட குடுத்துருங்க,” என்று நான் விளையாட்டாகச் சொன்னேன். “வேலைதான் செய்யக் கூடாது. காவல் இருக்கலாம்,” என்றீர்கள். சாவியைக் கடைசிவரை விடவில்லை. இப்போது ஏன் என்று தெரிகிறது.

வியாழக்கிழமை ஷீலா என் வீட்டுக்கு வந்தாள். காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஆன்ட்டி, அது எங்க கடை கல்லு.”

“தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீ ஏன் சொல்லல?”

அவள் அழவில்லை. உங்கள் மகள் இல்லையா. “ஆபீஸ்ல ஒரு மவுஸ் காணாம போனாலே பத்து மெயில் போடுவாங்க. அம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல,” என்றாள். பிறகு நான் செவ்வாய்க்கிழமைகளைப் பற்றிக் கேட்டேன். “நான் ஒருநாள் பஸ்லேர்ந்து பாத்தேன் ஆன்ட்டி. அல்சூர் ஏரிப்பக்கம் ஆட்டோ ஸ்டாண்டுல நின்னு பேசிட்டிருந்தாங்க. கேட்டதுக்கு, வெயிலுக்கு ஒதுங்கினேன்னாங்க. மழை பெஞ்சிட்டிருந்துச்சு.”

நேற்று நான் அந்த ஸ்டாண்டுக்குப் போனேன். மூன்று வண்டிகள் நின்றன. வயதானவராகப் பார்த்து, பாஷா பாய் என்று மற்றவர்கள் கூப்பிட்டவரிடம், செவ்வாய்க்கிழமை குடையோடு ஓர் அம்மா வருவார்களா என்று கேட்டேன்.

“மூட்டை அம்மாவா? இப்ப கொஞ்ச நாளா காணோமே. ஷார்ஜா போய்ட்டாங்களா, மக வீட்டுக்கு?”

நீங்கள் காலமானதைச் சொன்னேன். அவர் பீடியைக் கீழே போட்டார்.

“வாரா வாரம் வருவாங்கம்மா. ஆஸ்டின் டவுன்லேர்ந்து காக்ஸ் டவுனுக்கு எங்க ஸ்டாண்டு வண்டிலதான் போனாங்களாம். பெரிய மழை. ஒரு கைல கொடை, ஒரு கைல கம்பி. மூட்டைய சீட்ல வெச்சிட்டு எறங்கிட்டாங்க. எந்த வண்டின்னு அவங்களுக்கும் கொத்தில்லா, எங்களுக்கும் தெரியல. வந்து சும்னே, சும்மா நிப்பாங்க. நீலத் துணி மூட்டை பாத்தீங்களா பாய்னு கேப்பாங்க.”

நான் உடனே நம்பவில்லை. உங்கள் மகள் ஷீலா இங்கே இருக்கிறாள்; மகள் ஷார்ஜாவில் என்கிறவர் வேறு யாரையோ சொல்லலாம். “நீலத்துக்குள்ள என்ன கலர்னு சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

“வெள்ள. நீலம் வெளிய, வெள்ள உள்ள. அதுக்குள்ள என்னன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. எத்தனயோ வாட்டி கேட்டேன். தங்கமா, துட்டா, சொன்னாதானே தேட முடியும்னேன். ‘அது மூடினது பாய், சொல்லக் கூடாது’ம்பாங்க.” கொஞ்சம் தயங்கினார். “நாங்க வேற நெனச்சோம்.”

“என்ன நெனச்சீங்க?”

“அஸ்தின்னு நெனச்சோம்மா. துணி கட்டி, கைல அடங்குற மாதிரி, உள்ள என்னன்னு சொல்லாம, கண்ணு கலங்கிட்டு வேற. வேற என்ன நெனப்போம்? அப்பத்தான் நாகராஜுன்னு ஒரு பையன் சொன்னான், அதுக்கு முன்னாடி அவன் வண்டில அப்படி ஒண்ணு கெடந்துச்சுன்னு. அவிழ்க்க பயந்துட்டு, யாரோ பாவம் மறந்துட்டாங்கன்னு, கையெடுத்துக் கும்பிட்டு ஏரில விட்டுட்டானாம். அம்மாகிட்ட இதச் சொல்றதா? உயிரே போயிருமேன்னு நாங்க யாரும் சொல்லல. இல்ல அம்மா, காணோம் அம்மான்னே சொல்லி அனுப்புவோம்.”

நாகராஜ் எங்கே என்று கேட்டேன். ஹாசன் பக்கம் ஊருக்கே போய்விட்டானாம். போன் நம்பர் மாறிவிட்டதாம். இது உண்மையா என்று எனக்குத் தெரியாது. பாஷா பாய் நல்லவராகத் தெரிந்தார். நல்லவர்களும் துக்க வீட்டுக்காரிக்கு ஆறுதலாக ஒன்று கட்டிச் சொல்வார்கள். ஆனால் உள்ளே இருந்தது என்ன என்று நீங்கள் சொல்லவில்லை என்பதை அவர் கட்டியிருக்க முடியாது. அது நீங்களேதான். ‘வெள்ளிப் பாத்திரம், கோயில் பாத்திரம்’ என்று முதல் வாரமே சொல்லியிருந்தால் ஏரிக்குப் போன பொதியைப் பற்றி அன்றே தெரிந்திருக்கும். மூடினதைச் சொல்லக் கூடாது என்று எந்த வேதத்திலும் இல்லை அக்கா. பார்க்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. மீதியை நாம் இருவரும் சேர்த்துக்கொண்டோம்.

ஏரிக் கரையோரம் நடைபாதையில் கொஞ்ச தூரம் நடந்தேன். தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பையில் அந்த நீலத் துணி இருந்தது. ஜெபராஜ் டம்ளரையும் கல்லையும் கமிட்டிக்கென்று பூட்டி வைத்துக்கொண்டு துணியை மட்டும் என்னிடம் கொடுத்திருந்தார். பக்கத்து சீட் காலியாகத்தான் இருந்தது. பையை அதில் வைக்க மனம் வரவில்லை. காக்ஸ் டவுன்வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்று பேசுவதாக ஐயரிடம் சொல்லிவிட்டேன். மழையைச் சொல்வேன், செவ்வாய்க்கிழமைகளைச் சொல்வேன். கல் உங்கள் கடைக் கல் என்பதையும் சொல்வேன்; ஷீலா சம்மதித்துவிட்டாள். தொலைத்தவர் மறைத்தார், ஆனால் திருடவில்லை என்று சொல்வேன். அது போதும், உங்கள் பெயரை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன். ஜெபராஜ் அப்போது என்னைப் பார்த்து இன்னொன்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும், நான் அவர் இடத்தில் இருந்தால் கேட்பேன். “ஆன்ட்டி, உங்களுக்கு உண்மையிலேயே தெரியாதா?”

அந்தப் பக்கத்தை இப்போதும் திறந்து வைத்திருக்கிறேன். “நாடா புதிது” என்ற வரிக்குக் கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே உங்களுடையது, கொஞ்சம் கோணலாக. படிக்காமல் நீங்கள் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை. நான் கவனித்துவிட்டேன் என்று அன்றைக்கே உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் போட்டீர்கள். அதன் பிறகு நான்கு வருஷம், மாதாமாதம், நான் அந்தப் பொதியைக் கையில் தூக்கியபோதெல்லாம் எதிரில் நின்றீர்கள்.

மரித்தவர்களிடம் விசாரிக்கக் கூடாது என்று வேதத்தில் இருப்பது எனக்குத் தெரியும். இதை விசாரணையாக வைத்துக்கொள்ள வேண்டாம். என்றைக்காவது நான் கேட்டுவிடுவேன் என்று காத்திருந்தீர்களா, கேட்கவே மாட்டேன் என்று நம்பியிருந்தீர்களா? இரண்டில் எது என்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். ஆராதனை காலை ஒன்பது மணிக்கு. அதற்கு முன்னால் பதில் சொல்லுங்கள்.

கிரேஸ்